உலக ஆசையும் கிறிஸ்தவ வாழ்வும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பல சமயத்தாரும் ஒரு குடும்பமாய்க் கூடியுள்ள இம்மன்றத்தில், எம் சமயத்தின் வழி நின்று, எல்லார்க்கும் பொதுவான ஒரு பொருளைப் பேசத் துணிந்தோம். அது ஆசையை வெல்லுதல். வள்ளுவப் பெருந்தகை வெஃகாமை என ஓர் அதிகாரமே வகுத்திருத்தலின், தமிழர்க்கு இது புதிய பொருளன்று.

இயேசு பெருமான் 40 நாள் உண்ணாதிருந்து பசித்தபொழுது சோதனைக்காரன் அவரிடம் வந்தான் என்று மத்தேயு நற்செய்தியின் 4ஆம் அதிகாரம் கூறுகின்றது. கல்லை அப்பமாக்கச் சொன்னான். ஆலயத்து உச்சியினின்று குதிக்கச் சொன்னான். தன்னைப் பணிந்தால் உலகத்து அரசுகளையெல்லாம் தருவதாகவும் சொன்னான். வயிறு, புகழ், அதிகாரம் என்னும் இம்மூன்று வாயில்களின் வழியே இன்றும் சோதனை நுழைகின்றது. அதுவும் நாம் பசித்திருக்கும் நேரம் பார்த்தே வருகின்றது.

நம் வானவடிக்கு அருகே குதிரைப்பந்தயத் திடல் உள்ளது. முன்னாளில் பந்தயம் கட்ட விரும்பியவன் அதுவரை நடந்து செல்ல வேண்டும். வழியில் மனைவி மக்களின் முகம் நினைவுக்கு வந்து, அவன் திரும்பிவிடவும் இடமிருந்தது. இன்றோ கைப்பேசியே திடலாகிவிட்டது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்தது. சட்டம் கதவைச் சாத்தலாம். உள்ளிருந்து தாழிட வேண்டியவர் நாமே. சொந்த ஊரில் நாலு பேர் பார்ப்பார்கள் என்னும் நாணம் நம்மைக் காத்தது. இங்கே நம்மை அறிந்தோர் சிலரே; ஆதலின் தனிமையில் நம்மைக் காப்பது இறையச்சம் ஒன்றே.

பிறர்க்கு உரைக்குமுன் எம் குறையைச் சொல்லுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன், மகளின் கல்லூரிக் கட்டணத்திற்குப் பணம் போதாதிருந்த நாளில், வேலை ஒன்றை முடித்துத் தந்தமைக்காக ஒருவர் எம் மேசைத் தாள்களுக்கிடையே ஓர் உறையை வைத்துச் சென்றார். யாம் கேட்டு வாங்கவில்லையே என்று எமக்கு யாமே சமாதானம் கூறி, அதை வீட்டிற்குக் கொண்டுவந்தோம். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் வேதம் வாசித்தவள் மகள். அவள் முகத்தை நோக்க எம்மால் இயலவில்லை. மனைவியிடம் உண்மையைச் சொன்னோம். "கட்டணத்திற்கு என் வளையல் இருக்கிறது. காலையில் முதல் வேலையாக அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றாள். அவ்வாறே செய்தோம். வளையலை அடகினின்று மீட்க 11 மாதம் ஆயிற்று. இதனை எம் வெற்றியென்று கூறமாட்டோம். யோசேப்பு தன் மேலாடையையும் விட்டுவிட்டு ஓடினான். யாமோ ஓரிரவு முழுதும் சோதனைக்கு வீட்டில் இடங்கொடுத்தோம்.

ஆசையை விலக்கினால் மட்டும் போதுமா? போதாது. வெறுமையான உள்ளத்தில் அது மீண்டும் குடியேறும். புனேயிலிருந்து தௌண்டு செல்லும் இருப்புப்பாதையில் கேட்காவ் என்றொரு நிலையம் உண்டு. அவ்வூரில் முக்தி இல்லத்தை நிறுவியவர் பண்டித ரமாபாய் (1858–1922). 1878இல் கல்கத்தா அறிஞர்கள் அவருக்குச் சரஸ்வதி என்னும் பட்டம் அளித்தனர். 1883இல் இங்கிலாந்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அமெரிக்காவிலும் புகழ் பெற்றார். அப்புகழிலேயே இனிது வாழ்ந்திருக்கலாம். எனினும் 1896-97ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மத்திய மாகாணம் சென்று, திக்கற்ற பெண்களை அழைத்து வந்து, வாழ்வும் கல்வியும் கைத்தொழிலும் அளித்தார். விவிலியத்தை மூல மொழிகளிலிருந்து மராத்தியில் பெயர்த்தார். பேரன்பு ஒன்று உள்ளத்தை நிறைத்தமையால் சிற்றாசைக்கு அங்கே இடமில்லாது போயிற்று.

ஆகவே அன்பர்களே, சோதனையோடு வாதிடாது உடனே விலகுவோம். அதனை மறைக்காமல் இல்லத்தாரிடம் சொல்லிவிடுவோம். மிஞ்சும் பொழுதையும் பொருளையும் இல்லாதார்க்கு ஈவோம். நம் மக்கள் நம் முகத்தை அச்சமின்றி நோக்கவும், நாம் அவர்கள் முகத்தை நாணமின்றி நோக்கவும் இறைவன் அருள்வாராக!