மானநஷ்டம் யாருக்கு?

(சுங்குவார்சத்திரத்தில் தொழிலாளர், மாணவர் கூட்டத்தில் பேசியது)



'மானநஷ்டம்'னு ஒரு சொல். அமைச்சர் வழக்கு போட்டார், நடிகர் கோடி ரூபாய் கேட்டார்னு படிக்கிறோம். நம்ம சேரியில யாராவது மானநஷ்ட வழக்கு போட்டாங்களா? நான் கேள்விப்பட்டதில்லை.

நஷ்டம் என்பது கடைக்காரன் சொல். முதல் இருந்தால்தான் நஷ்டம். 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டம், 499-ஆவது பிரிவு, இந்தக் கணக்கைத்தான் எழுதியது. பிறர் மதிப்பில் ஒருவரின் ஒழுக்கமோ அறிவோ தாழ்ந்தால் அவர் பெயர் கெட்டது. அவருடைய சாதியைப் பொறுத்தோ தொழிலைப் பொறுத்தோ தாழ்ந்தாலும் கெட்டது. சாதியைக் கவனியுங்கள். அதுவும் ஒரு முதல், கீறல் விழக்கூடாது! 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பிரிவின் எண் 356 ஆனது. சாதி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ('கௌரவக் கொலை' என்று எழுதின பத்திரிகைகளை 'ஆணவக் கொலை' என்று எழுத வைத்தோமே, சும்மாவா?)

நமக்கிருப்பது 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பிறர் மதிப்பில் நீ எவ்வளவு குறைந்தாய் என்று அது அளப்பதில்லை. பொதுப் பார்வையில் உன்னை வேண்டுமென்றே அவமதித்தானா என்று கேட்கிறது. அந்தப் 'பொதுப் பார்வை'யில்தான் சிக்கல். நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது திட்டினால் இந்தக் குற்றம் ஆகாது என்று 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில நான் காண்ட்ராக்ட்ல இருந்தேன். சூப்பர்வைசர் கேபினுக்குக் கூப்பிட்டு, கதவைத் தள்ளிட்டு, "காலனிக்காரனுக்கு மெஷின் எதுக்குடா, வெளக்கமாறு எடு"ன்னான். கதவைத் தள்ளினது தற்செயல்னு நான் நினைக்கல. எழுதிக் கொடுக்கப் போனேன். "கம்பெனி பேரு கெட்டுடும் தம்பி"ன்னாங்க. கம்பெனிக்குக் கெடுவதற்கு ஒரு பேர் இருக்கிறது! வீட்டுல அம்மாவும் அதையேதான் சொன்னாங்க: "உம் பேரு கெட்டுடும்டா, வேற எந்த கேட்லயும் உள்ள விடமாட்டான்." அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். கூலி வந்த அன்னைக்குத்தான் அரிசி வாங்கினவங்க.

ஆனா கதவு முழுசாச் சாத்தல. லைன்ல நின்ன மூணு பேர் காதுல விழுந்தது. அதுல ஒருத்தர் போன வாரம் வந்து, சாட்சி சொல்றேன்னார். அவரும் காண்ட்ராக்ட்தான்.