சிறு குளத்தில் ஒத்து வாழும் மீனும் இறாலும்



பல்லேகலப் பகுதியில் மரக்கறித் தோட்டத்திற்கு நீர் இறைக்கக் குளம் வெட்டியுள்ளோர், அதில் மீனும் நன்னீர் இறாலும் சேர்த்து வளர்க்க விரும்பின், எவை ஒத்து வாழும் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கட்லா மேல்நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களை உண்ணும். ரோகு நடுநீரில் மேயும். இறால் அடித்தரையில் இரை தேடும். ஆதலால் இம்மூன்றும் பெரும் போட்டியின்றி வளரும். மிரிகாலும் சாதாரண கெண்டையும் அடியிலேயே மேய்வன. இறாலுடன் அவற்றை விடாதீர்கள். 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா விரைந்து பெருகிக் குளத்தை நிறைத்துவிடும், அதனையும் தவிர்ப்பீர்களாக. விரால் இருப்பின் குஞ்சுகள் மிஞ்சா. ஆகவே குளத்தை வற்றவிட்டு அதனை அகற்றுங்கள். நீர் புகும் வழிக்கு நெருங்கிய வலை கட்டுங்கள்.

இறால் ஓடு கழற்றும் வேளையில் அதன் உடல் மென்மையாயிருக்கும். பிற இறால்களே அதனைத் தின்றுவிடும். அது ஒளிந்துகொள்ளத் தென்னோலையும் மூங்கில் துண்டுகளும் இடுங்கள்.

குளிர் மிகும் மாதங்களில் மீன் குறைவாகவே உண்ணும். மிஞ்சும் தீனி நீரைக் கெடுக்கும். பூச்சிநாசினி தெளித்த வயல்நீரைக் குளத்தில் ஒருபோதும் விடாதீர்கள். மீன் பிழைத்தாலும் இறால் மடியும்.

குஞ்சு வாங்குமுன் இவற்றைக் கவனிப்பீர்களாயின், இட்ட முதல் வீண்போகாது.