லோஹான் மீனும் நமது தொட்டியும்



பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியதும், கண்ணாடித் தொட்டியின் முன் அமர்ந்து மீன்களைப் பார்த்துக் களைப்பாறும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நல்ல வழக்கமே. ஆனால், பட்டணத்துக் கடையில் விரல் நீளக் குஞ்சாக வாங்கிவரும் சில மீன்கள், ஓரிரண்டு ஆண்டுகளில் ஓர் அடி நீளத்தை எட்டி, அருகில் வரும் எதையும் கடிக்கும் முரட்டு மீன்களாகிவிடுகின்றன. அவற்றைப் பற்றியே இன்று நாம் பேச இருக்கிறோம்.

இவை சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயர் புதிது, உறவு பழையது. 1940களில், ஜப்பானியர் ஆட்சியின்போது ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்த திலாப்பியாவும் இக்குடும்பத்ததே. ஆஸ்கார் மீன் அமேசான் ஆற்றுப் படுகைக்கு உரியது. லோஹானோ எந்த ஆற்றிலும் பிறந்ததன்று. மத்திய அமெரிக்க சிக்லிட் இனங்களைக் கலந்து, 1990களில் நம் மலேசிய வளர்ப்பாளர்கள் உருவாக்கிய கலப்பினம் அது. அதன் விலாவிலுள்ள கரும்புள்ளிகளை எண்களாகப் படித்து, நான்கு இலக்கப் பரிசுச் சீட்டு வாங்கியவர்களும் உண்டு. பரிசு விழுந்ததோ இல்லையோ, மீனுக்கு விலை ஏறியது.

இம்மீன்கள் சினங்கொள்வது ஏன்? மற்ற பல மீன்களைப் போல முட்டையிட்டதும் இவை அகன்றுவிடுவதில்லை. கல்லைத் துப்புரவாக்கி முட்டையிட்டு, துடுப்பால் நீரை விசிறி, குஞ்சுகள் நீந்தும்வரை காவல் நிற்கும். காவலுக்கு எல்லை வேண்டும். எல்லைக்குள் வேறு மீன் வரலாகாது. ஆற்றிலே தோற்ற மீன் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். தொட்டியில் ஓடுவதற்கு இடம் ஏது?

இதை நாம் பட்டே அறிந்தோம். தனியே கிடந்து வாடுகிறதே என்று இரக்கப்பட்டு, வளர்ந்த லோஹானுடன் இன்னொன்றை ஒருநாள் மாலையில் விட்டோம். இரண்டும் வாயோடு வாய் கவ்வி இழுத்தபோது, விளையாட்டு என்றே எண்ணிச் சிரித்தோம். விடிந்து பார்க்கையில் புதிய மீன் துடுப்புகள் கிழிந்து ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. மாலைக்குள் இறந்தும்போயிற்று. பிள்ளைகள் அன்று சோறு உண்ணவில்லை. லோஹானுக்குத் தனிமை துன்பமன்று. ஒரு தொட்டிக்கு ஒரு மீன். அதுவே அதற்கு உகந்தது.

தொட்டி நான்கு அடி நீளமும், அகலமும் உயரமும் ஒன்றரை அடியுமாக இருத்தல் நன்று. அது ஏறத்தாழ 250 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 250 கிலோ. பலகைத் தரை கொண்ட பழைய வீடுகளில் இதனை வைக்கலாகாது. சிமெந்துத் தரையில், ஆடாத தாங்கியின்மேல் வையுங்கள். மேலே மூடியும் வேண்டும். இது துள்ளும் மீன். கையை உள்ளே விடுமுன் மின்விசையை நிறுத்துங்கள். சிறு பிள்ளைகள் விரலை விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவின் நெடி நமக்குப் பழக்கமானது. மீன் தன் செவுள் வழியே வெளியேற்றும் கழிவும் அதே அம்மோனியாதான். அது சேர்ந்தால் மீனுக்கு நஞ்சாகும். வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் வளரும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. வேறு நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். புதுத் தொட்டியில் இவை பெருகுவதற்குப் பல வாரங்கள் ஆகும். வாங்கிய முதல் மாதத்திலேயே மீன் இறந்துபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நாம் கண்ணேறு என்று சொல்லிவிடுகிறோம். அக்காலத்தில் இரையைக் குறைத்துக் கொடுங்கள். வாரந்தோறும் நீரில் கால் பங்கை மாற்றுங்கள்; முழுவதையும் கொட்டிவிடாதீர்கள். குழாய் நீரிலுள்ள குளோரின் மீனையும் நுண்ணுயிர்களையும் கொல்லும். ஆதலால் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பின்னரே அதனை ஊற்றுங்கள். பஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். பால் வாளியை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். களைக்கொல்லி தெளித்த கையோடு தொட்டியைத் தொடவும் வேண்டாம்.

மீன் பெரிதாகிவிட்டால் சிலர் அதனை ஓடையிலோ பழைய ஈயக்குட்டையிலோ விட்டுவிடுகிறார்கள். கொல்ல மனமின்றிச் செய்வதுதான். ஆயினும் அந்நீர் நிலைகளில் நாம் தூண்டில் போட்டுப் பிடிக்கும் விராலும் செப்பாட்டும் இருக்கின்றன. அவற்றின் குஞ்சுகளையும் முட்டைகளையும் லோஹான் விட்டுவைக்காது. தென்னமெரிக்காவின் பீக்காக் பாஸ் என்னும் சிக்லிட் மீன் நம் ஈயக்குட்டைகளில் பெருகியிருப்பதைத் தூண்டில்காரர்கள் அறிவார்கள்.

லோஹான் பத்து ஆண்டுவரை உயிர்வாழக்கூடும். எனவே குஞ்சை வாங்கும் நாளிலேயே, வளர்ந்த பின் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரைக் கேட்டு வையுங்கள். எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு.