வைல்டரின் வலது கையும் மீதி மூணு ரோடும்



போன வாரம் ஆபீஸ் டீ பிரேக்கில் ஒரு வாக்குவாதம். டியோன்டே வைல்டர் பேரை நான் எடுத்ததும் டீம்ல ஒருத்தன், "அவனா? ஒன் டைமென்ஷனல் மச்சான். ரைட் ஹேண்டை எடுத்துட்டா அவன்கிட்ட என்ன இருக்கு?"ன்னான். நான் வைல்டர் ரசிகன். கோபம் வந்தது. ஆனா பதில் வரலை. ஏன்னா அவன் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதின்னு பிரிச்சுப் பார்க்கத்தான் இந்த எபிசோட்.

ஆளைத் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலம், டஸ்கலூசா ஊர்க்காரர். மகள் முதுகுத்தண்டில் குறைபாட்டோடு பிறந்ததால், சிகிச்சைக்குக் காசு வேணும்னு 20 வயசில் பாக்சிங் ஜிம்முக்குள் நுழைந்தவர். 20 வயசுங்கிறது இந்த விளையாட்டில் ரொம்ப ரொம்ப லேட். பெரிய பாக்சர்கள் பலர் எட்டு, பத்து வயசிலேயே கிளவுஸ் மாட்டியிருப்பாங்க. அப்படியிருந்தும் 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். 2015-ல் டபிள்யூபிசி ஹெவிவெயிட் பட்டம். 2018 டிசம்பரில் டைசன் ஃப்யூரியைச் சந்திக்கும்போது கணக்கு இது: 40 சண்டை, 40 வெற்றி, 39 நாக்அவுட்.

அந்த 39-ல் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வலது கை. எதிராளி 12 ரவுண்டும் தப்பே பண்ணாம இருக்கணும், எனக்கு ரெண்டு செகண்ட் போதும் என்கிற அர்த்தத்தில் அவரே பேசியிருக்கிறார். 2019 நவம்பரில் லூயிஸ் ஓர்ட்டிஸோடு நடந்த ரெண்டாவது சண்டையைப் பாருங்க. ஆறு ரவுண்ட் முடிஞ்சப்போ மூணு நடுவர் கார்டிலும் வைல்டர் பின்தங்கியிருந்தார். ஏழாவது ரவுண்டில் ஒரே ஒரு ரைட். சண்டை முடிஞ்சது.

சரி, ஒன் டைமென்ஷனல்னா என்ன? ஒரே ஆயுதம் வச்சிருக்கிறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜோ ஃப்ரேஸியரை எடுத்துக்குங்க. அவர்கிட்டயும் ஆயுதம்னு சொன்னா ஒண்ணுதான், லெஃப்ட் ஹூக். 1971 மார்ச் 8, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முகமது அலியை 15-வது ரவுண்டில் கீழே தள்ளினது அதுதான். ஆனா அந்த ஹூக்கைக் கொண்டுவந்து சேர்க்க ஃப்ரேஸியருக்குப் பல வழி தெரியும். தலையை ஆட்டிக்கிட்டே குனிஞ்சு உள்ளே வருவார். முதல்ல விலாவுக்குக் கொடுப்பார், எதிராளியின் கை கீழே இறங்கும், அடுத்தது தாடைக்கு. ஆயுதம் ஒண்ணு, அதுக்குப் போற ரோடு நாலஞ்சு.

வைல்டருக்கு ரோடு ஒண்ணுதான். அந்த ரைட் விழணும்னா மூணு விஷயம் ஒண்ணாச் சேரணும்: நீளமான தூரம், தரையில் ஊன்றின கால், தனக்கு முன்னால் நிற்கிற இல்லை பின்வாங்குகிற எதிராளி. இதில் எது இல்லைன்னாலும் அந்தப் பயங்கரமான கை வெறும் கைதான்.

இதை நான் உடம்பால் கத்துக்கிட்டேன். ரெண்டு வருஷமா வேலை முடிஞ்சு சாயங்காலம் ஒரு பாக்சிங் கிளாஸுக்குப் போறேன். எனக்குக் கை நீளம். அதனால ஜாப், ரைட், ஜாப், ரைட், இதை வச்சே எல்லாரையும் தூரத்தில் நிறுத்திக்கிட்டு இருந்தேன். பெரிய ஆள்னு நெனப்பு வேற. ஒருநாள் காலேஜ் படிக்கிற ஒரு பையன், என் தோள் உயரம்கூட இல்லை, ஜாபை வாங்கிக்கிட்டே நேரா உள்ளே வந்துட்டான். நான் பின்னாடி போனேன். இன்னும் பின்னாடி. கயிறு முதுகில் பட்டதும் நின்னேன். அந்த ரவுண்ட் முழுக்க நான் ஒரு குத்துகூட விடலை. முடிஞ்சதும் மாஸ்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "தம்பி, நீ பின்னாடி போறப்ப உன் ரெண்டு கையும் லீவு போட்டுடுதே!" அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை.

2020 பிப்ரவரி 22, லாஸ் வேகாஸில் ஃப்யூரி வைல்டருக்குச் செய்தது அதேதான், எந்தக் கருணையும் இல்லாமல். முதல் சண்டையில் ஃப்யூரி நழுவி நழுவி, பின்னால் நகர்ந்து ஆடினார். பல ரவுண்டுகளை ஜெயிச்சார், ஆனா 9-லயும் 12-லயும் விழுந்தார். ரிசல்ட் டிரா. ரெண்டாவது சண்டைக்குப் பயிற்சியாளரை மாத்தினார். எடையை ஏத்தி 273 பவுண்டில் வந்தார். வைல்டர் 231. மணி அடிச்சதும் ரிங்குக்கு நடுவில் வந்து நின்னு, முன்னால் நடந்தார். அவ்வளவுதான் மாற்றம். பக்கத்தில் வந்தா ரைட்டுக்குத் தூரம் இல்லை. பின்னால் தள்ளினா கால் ஊன்ற நேரம் இல்லை. கட்டிப் பிடிச்சு எடையை மேலே சாய்ச்சா காலில் தெம்பே இல்லை. 3-வது ரவுண்டில் ஒருமுறை, 5-வதில் ஒருமுறை வைல்டர் விழுந்தார். காதிலிருந்து ரத்தம். 7-வதில் அவர் கார்னரில் இருந்த மார்க் பிரீலண்ட் டவலை வீசினார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. வைல்டர் ரிங்குக்கு நடந்து வரும்போது போட்டிருந்த 40 பவுண்டுக்கும் மேலான உடையைக் காரணம் சொன்னார். டவல் வீசின பிரீலண்டை வேலையை விட்டு அனுப்பினார். என்னைக் கேட்டா, அன்னைக்கு அந்தக் கார்னரில் தெளிவா யோசிச்ச ஆள் பிரீலண்ட்தான். ரசிகனா இருந்தும் இதைச் சொல்லித்தான் ஆகணும்.

ஆனா நண்பன் சொன்னதில் பொய்யான பாதின்னு ஒண்ணு இருக்கு. வைல்டருக்கு வேற எதுவும் தெரியாதுங்கிறது தப்பு. 2015-ல் பெர்மேன் ஸ்டிவெர்னை ஜெயிச்சுப் பட்டம் வாங்கினாரே, அந்தச் சண்டையைப் போட்டுப் பாருங்க. அதுக்கு முன்னாடி நடந்த 32 சண்டையும் நாலு ரவுண்டுக்குள்ளேயே முடிஞ்சிருந்தது. அன்னைக்கு 12 ரவுண்ட் முழுசா ஆடினார், ஜாபை வச்சு. பொறுமையா, தூரத்தைக் கட்டுப்படுத்தி, பாயிண்ட்டில் ஜெயிச்சார். அந்த ஆள் எங்கே போனார்?

நம்ம தொழிலில் இருக்கிறவங்களுக்குப் பதில் சட்டுனு புரியும். ஓடிக்கிட்டு இருக்கிற கோடை யாரும் தொட மாட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ரைட் ஹேண்ட் காப்பாத்திக் கொடுத்துடுது. பின்தங்கியிருந்தாலும் காப்பாத்துது. அப்புறம் எதுக்கு ஜாபைத் தீட்டணும், பின்னங்காலில் நின்னு சண்டை போடப் பழகணும்? அவரை ஒன் டைமென்ஷனல் ஆக்கினதில் தோல்விக்குப் பங்கே இல்லை. அது அந்த 39 நாக்அவுட் பண்ணின வேலை.

இன்னொரு விஷயம். சார்பட்டா பார்த்துட்டு பாக்சிங் பக்கம் வந்தவங்க, டான்சிங் ரோஸ் மாதிரி ஆடினாத்தான் பல வித்தை தெரிஞ்சவன்னு நினைச்சுடாதீங்க. 1974-ல் கின்ஷாசாவில் அலிகிட்ட ஜார்ஜ் ஃபோர்மேன் தோத்தது ஒரே திட்டத்தோடு வந்ததால்: அடி, அடிச்சுக்கிட்டே இரு. 8-வது ரவுண்டில் கைகள் காலி. அதே ஃபோர்மேன் 1994-ல், 45 வயசில், மைக்கேல் மூரரோடு ஆடினப்போ டான்ஸ் எதுவும் கத்துக்கிட்டு வரலை. முன்னைவிட மெதுவாத்தான் இருந்தார். ஆனா அவசரப்படலை. ஜாப் போட்டார், வாங்கினார், பாயிண்ட்டில் பின்தங்கினார், காத்திருந்தார். 10-வது ரவுண்டில் ஒரு சின்ன ரைட். மறுபடி உலக சாம்பியன். பொறுமையும் ஒரு ரோடுதான்.

வைல்டரும் முயற்சி பண்ணாம இல்லை. 2021 அக்டோபரில் ஃப்யூரியோடு மூணாவது சண்டை. முதல் ரவுண்டிலேயே வயிற்றுக்கு ஜாப்! நான் சோஃபாவில் இருந்து எழுந்துட்டேன். புது வைல்டர்னு கத்தினேன். 3-வது ரவுண்டில் ஃப்யூரி அவரைக் கீழே தள்ளினதும் புதுசெல்லாம் காணாமப் போச்சு, பழைய ரைட் திரும்பி வந்தது. அதுவும் சும்மா வரலை, 4-வதில் ஃப்யூரியை ரெண்டு தடவை விழ வச்சுது. ஆனா 11-வதில் முடிஞ்சுபோச்சு. நெருக்கடி வந்தா பழகின ரோட்டுக்குத்தான் கால் போகும். நான் கயிறு வரைக்கும் போன மாதிரி.

இப்போ மாஸ்டர் எனக்குக் கொடுத்திருக்கிற வேலை: வாரத்தில் ஒருநாள் ரைட் ஹேண்டே விடக் கூடாது. இடது கையும் காலும் மட்டும்தான். இதுவரை அஞ்சு வாரம் ஆச்சு, அஞ்சு வாரமும் அந்தக் காலேஜ் பையன்கிட்ட நல்லா வாங்கினேன். ஆனா போன வியாழக்கிழமை பின்னாடி போகும்போது ஒரு ஜாப் விட்டேன். பட்டுதான்னு கேக்காதீங்க, விட்டேன்.

வீட்டுப்பாடம்: 2020 சண்டையின் முதல் ரவுண்டை மட்டும் போட்டு, ரெண்டு பேர் முகத்தையும் விட்டுட்டு வைல்டரோட பின்னங்காலை மட்டும் பாருங்க. எத்தனை தடவை அது தரையில் முழுசா ஊன்றுதுன்னு எண்ணி எனக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.