வைரம் பாயக் காலம் வேண்டும்

(காந்தலூரில் நடந்த நமது சங்க அங்கத்தினர்களின் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)



மதியம் நல்ல சாப்பாடு ஆகிவிட்டது. வெளியே மூடுபனி. இந்த வேளையில் ஒரு கிழவனைப் பேசச் சொன்னால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்று காரியதரிசியிடம் சொன்னேன். "பாதிப் பேர் முழித்துக்கொண்டிருந்தால் போதும் மாமா" என்றார். அவர் கொடுத்த தலைப்பு, "இளைஞர்களின் திறமையை அறிவது எப்படி?"

நேற்று ராத்திரி வராந்தாவில் நம் பையன்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் பற்றித்தான். "யாரென்றே தெரியாத பையனுக்குப் பதினாலு கோடியா?" என்று ஒருவன் கேட்டான். "கிழவர்களை வைத்துக்கொண்டு தோற்றது போதாதா?" என்றான் இன்னொருவன். என் தலைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கிரிக்கெட் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சென்னை அணி 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து முறை கோப்பை வென்றது. அனுபவஸ்தர்களை நம்பிய அணி என்று அதற்குப் பெயர். 2025-ல் 14 ஆட்டங்களில் நாலே வெற்றி. பத்து அணிகளில் பத்தாவது இடம். கடைசி இடம் அதற்கு அதுவே முதல் தடவை. தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கையில் அடிபட்டு விலகியதால், 43 வயது தோனி மறுபடியும் தலைமை ஏற்க வேண்டியதாயிற்று.

அந்தத் தோல்விக்கு நடுவிலேயே அணியை மாற்றிக் கட்டும் வேலை ஆரம்பித்தது. ருதுராஜுக்குப் பதிலாக மும்பையிலிருந்து 17 வயது ஆயுஷ் மாத்ரேயை வரவழைத்தார்கள். அவர் பெங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 94 ரன் எடுத்தார். 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, நம் கேரளத்துப் பையன் சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில் பிரஷாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இருவரை ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து எடுத்தார்கள். அப்போது ஒருவருக்கு வயது 20, மற்றவருக்கு 19. இந்தியாவுக்காக இருவருமே அதுவரை ஆடியதில்லை. அடிப்படை விலை 30 லட்சம்தான்.

சரி, ஒரு பத்தொன்பது வயதுப் பையன் தேறுவானா மாட்டானா என்பதை எப்படி அளப்பது?

நான் படித்தது பௌதிகம். பரிசோதனைக் கூடத்தில் எங்கள் வாத்தியார் முதல் நாளே இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ஒரே ஒரு அளவை நம்பாதே; ஐந்தாறு தடவை அளந்து சராசரி எடு. மற்றது, அளக்கும் முன் கருவியில் பிழை இருக்கிறதா என்று பார். ஸ்க்ரூ கேஜை எதுவும் வைக்காமல் மூடினால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது சுழிப் பிழை. அதைக் கழிக்காமல் ஆயிரம் தடவை அளந்தாலும் ஆயிரமும் தப்பு.

முதல் விஷயத்துக்கு ருதுராஜே உதாரணம். 2018 டிசம்பர் ஏலத்தில் 20 லட்சத்துக்கு வந்தவர். 2020-ல் போட்டிகள் துபாய்ப் பக்கம் நடந்தன. போன இடத்தில் அவருக்குக் கொரோனா. குணமாகி வந்து ஆடிய முதல் ஆட்டத்தில் பூஜ்யம், அடுத்ததில் 5. அந்த வருஷம் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. இளைஞர்களுக்கு ஏன் வாய்ப்பு இல்லை என்று கேட்டபோது, அவர்களிடம் போதிய பொறியைப் பார்க்கவில்லை என்ற பொருள்பட தோனி பதில் சொன்னார். நாலு நாள் கழித்து ருதுராஜுக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது. மறுபடியும் பூஜ்யம்!

மூன்று ஆட்டம், மொத்தம் ஐந்து ரன். நம்மில் எத்தனை பேர் நாலாவது ஆட்டம் கொடுத்திருப்போம்? அவர்கள் கொடுத்தார்கள். அணி ஏறக்குறைய வெளியேறிவிட்டதால் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. நாலாவது ஆட்டத்தில் 65, அடுத்து 72, அடுத்து 62. மூன்றிலும் ஆட்ட நாயகன் அவரே. மறு வருஷம் 635 ரன்னுடன் போட்டியிலேயே முதலிடம், கோப்பையும் வந்தது. 2024-ல் தோனி தலைமையை ஒப்படைத்ததும் அவரிடமே.

தோனியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆட்டத்தை அவரைவிடப் படித்தவர் யார்? அவருக்கே இரண்டு அளவுகள் போதவில்லை என்பதுதான் பாடம். தப்பென்று தெரிந்ததும் தன் அபிப்பிராயத்தை அவர் பிடித்துத் தொங்கவில்லை. இதே நியாயப்படி, 48 பந்தில் 94 என்பதும் ஒரே ஒரு அளவுதான். பூஜ்யத்தைப் பார்த்துத் தூக்கி எறிவது எவ்வளவு அவசரமோ, 94-ஐப் பார்த்துத் தோளில் தூக்குவதும் அவ்வளவு அவசரம்.

இரண்டாவது விஷயம், சுழிப் பிழை. இதை என் கதையாகவே சொல்லியாக வேண்டும்.

உத்தியோகத்தில் இருந்த காலத்தில் ஒரு சமயம் என்னிடம் இரண்டு இளைஞர்கள் பயிற்சிக்கு வந்தார்கள். ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஒருவன் சரளமாக இங்கிலீஷ் பேசினான். மற்றவன் கேட்ட கேள்விக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நாலு வார்த்தை சொன்னான். மூன்று வாரத்தில் முடிவு செய்து, இரண்டாமவன் லாயக்கில்லை என்று ஃபைலில் எழுதினேன். அவன் போன பிறகு அவன் தயாரித்த கணக்குகளைப் புரட்டினேன். ஒரு அடித்தல் இல்லை, ஒரு தப்பு இல்லை. நான் அளந்தது அவன் வேலையை அல்ல, அவன் இங்கிலீஷை. என் கருவியில் இருந்த பிழையை அவன் பிழையாக எழுதிவிட்டேன்.

நினைத்திருந்தால் அந்தக் குறிப்பை மாற்றி இன்னொரு குறிப்பு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற கௌரவம். அவன் பிறகு என்ன ஆனான் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ருதுராஜுக்கு நாலாவது ஆட்டம் கிடைத்தது. அந்தப் பையனுக்கு நான் கொடுக்கவில்லை.

இப்போது மூன்றாவதாக ஒன்று. இது வாத்தியார் சொல்லாதது. இந்த மலை சொல்வது. நேற்று இங்கே வரும் வழியில் மறையூர்ச் சந்தன மரங்களைக் கம்பி வேலிக்குள் பார்த்திருப்பீர்கள். சந்தனக் கன்று தனியாகச் செழிக்காது. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு நீரும் சத்தும் எடுக்கும். அதனால் நாற்றங்காலில் கன்றோடு துவரை மாதிரி ஒரு துணைச் செடியும் வைப்பார்கள். வாசனை இருப்பது நடுவிலுள்ள வைரத்தில். அது பாய்ந்து முற்றப் பல பத்தாண்டுகள் வேண்டும். மறையூரிலும் ஏலம் உண்டு. ஆனால் அங்கே ஏலம் போவது முற்றின மரம். கிரிக்கெட்டில் ஏலம் போடுவது கன்றை!

துணைச் செடி இல்லாத திறமை என்னவாகும்? சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்கள். 2017-ல் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டத்தில் இரண்டே விக்கெட். அடுத்த ஏலத்தில் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து இரண்டு வருஷம் உட்கார வைத்தது. ஆனால் அங்கே பந்துவீச்சுக்கு ஆசானாக இருந்தவர் முத்தையா முரளிதரன், தமிழிலேயே பேசலாம். ஊரில் அவரை வளர்த்த ஜெயப்பிரகாஷ் என்ற அண்ணா கைவிடவே இல்லை. 2020-ல் 16 விக்கெட். அதே சுற்றில் ஆஸ்திரேலியா போய், மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். விலை மூன்று கோடியிலிருந்து நாற்பது லட்சமாக இறங்கியபோது அவர் திறமை இறங்கிவிட்டதா, என்ன?

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு பேரன் நேற்று எனக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தான். அங்கே தோற்ற அணிக்கே புதிய வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகமாம். ஒக்லஹோமா சிட்டி அணி 2019-ல் பேர்பெற்ற நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டு, ஒரே வருஷம் ஆடியிருந்த ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டரையும் வருங்காலத் தேர்வு உரிமைகளையும் வாங்கியது. 2020-21-ல் 72 ஆட்டத்தில் 22 வெற்றி. அடுத்த வருஷம் 82-ல் 24. இத்தனை தோற்றும் பயிற்சியாளரை மாற்றவில்லை, ஷாயையும் விற்கவில்லை. 2025-ல் அவர்கள்தான் சாம்பியன். நம் ஐ.பி.எல்.லில் இது கஷ்டம். சில வருஷத்துக்கு ஒரு முறை பெரிய ஏலம் வந்து, சிலரைத் தவிர எல்லோரையும் வேரோடு பிடுங்கிவிடுகிறது. துணைச் செடியைப் பற்றிக்கொள்ளும் முன்பே கன்று வேறு தோட்டத்துக்குப் போய்விடும்.

ஆகையால் வராந்தாவில் சண்டை போட்ட பையன்களுக்கு என் தீர்ப்பு இதுதான். 14.20 கோடி என்பது மதிப்பீடு அல்ல, வெறும் விலை. அந்தப் பணத்தைக் கொடுத்தது சரியா தப்பா என்பதை ஒரு சீசனை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று சீசன் கழித்து அந்த இருவரும் எங்கே நிற்கிறார்கள், அதுவரை பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் அகங்களில் ஏலம் இல்லை. ஆனால் விலை போடுவதில் நாம் சளைத்தவர்கள் அல்ல. பத்தாவது மார்க், நுழைவுத் தேர்வு ராங்க், அடுத்த அகத்துப் பையனின் சம்பளம் என்று ஒரே அளவை வைத்து எத்தனை குழந்தைகளுக்கு "லாயக்கில்லை" என்று எழுதியிருக்கிறோம்? நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற இன்ஜினீயர்கள், ஆடிட்டர்கள், வாத்தியார்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவரவர் ஊரில் தடுமாறி நிற்கும் ஒரே ஒரு பிள்ளைக்குத் துணைச் செடியாக நிற்கலாமே. ஜெயிப்பான் என்று தெரிந்தவனுக்கு நாம் வேண்டாம். மூன்று ஆட்டம் ஆடி ஐந்து ரன் எடுத்தவனுக்குத்தான் வேண்டும்.

தூங்காமல் கேட்ட பாதிப் பேருக்கும், குறட்டை விடாமல் தூங்கிய மீதிப் பேருக்கும் என் நன்றி.