பெற்றோலுக்கு வரி விதிக்கலாம், தண்ணீருக்கு விதிக்கலாகாது

(வலிகாமத்தில் கமக்காரரும் ஆசிரியரும் அரச ஊழியரும் சட்டத்தரணிகளும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



எரிபொருள் மீதான வரியை உயர்த்துவது நீதியா, அநீதியா என்ற கேள்விக்கு விடை காண இன்று நாம் இங்கே கூடியிருக்கின்றோம். இக்கேள்விக்கு எளிய விடைகள் இரண்டு உள. “திறைசேரி வெறுமையாயிற்று, ஆகவே உயர்த்துக” என்பது ஒன்று. “மக்கள் வாடுகின்றனர், ஆகவே உயர்த்தற்க” என்பது மற்றொன்று. முதலாவது கொழும்பில் கைதட்டல் பெறும். இரண்டாவது இந்த மேடையிலே கைதட்டல் பெறும். நாம் கைதட்டலை நாடி வரவில்லை. இவ்விரு விடைகளும் அரைகுறை விடைகள் என்று எடுத்துரைக்கவே வந்துள்ளோம்.

திறைசேரியின் வழக்கு

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு முதலிலே எடுத்துக் கூறுதல் நியாயவாதிகளின் மரபு. ஆகவே திறைசேரியின் வழக்கை முதலிற் கேட்போம்.

2019ஆம் ஆண்டு டிசம்பரில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 8ஆகக் குறைக்கப்பட்டது. வேறு பல வரிகளும் அக்காலத்திலேயே குறைக்கப்பட்டன. நாட்டில் மகிழாதவர் யார்? ஆனால் வருமானம் வற்றியது. தொற்றுநோயும் வந்தது. கடன் வளர்ந்தது, டொலர் தீர்ந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக இலங்கை உலகுக்கு அறிவித்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவை எட்டியது. 2019இல் வரி குறைந்ததென்று மகிழ்ந்தவர்களே 2022இல் பெற்றோல் நிலைய வாயில்களில் இரவுகளைக் கழித்தனர்.

இதிலுள்ள பாடத்தை நாம் மறைக்கக்கூடாது. இந்த நாட்டிற் கச்சா எண்ணெய்க் கிணறு எதுவும் இயங்கவில்லை. நாம் எரிக்கும் ஒவ்வொரு துளியும் கப்பலில் வருவது; டொலர் கொடுத்து வாங்கப்படுவது. பெற்றோல் மலிவாகக் கிடைக்க வேண்டுமென்று கேட்பவர், அந்த மலிவுக்கு ஈடுசெய்பவர் யார் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். ஒருவரும் ஈடுசெய்யாவிடின் அது கடனாகும். கடன் பிள்ளைகளின் தலையில் விழும். பழைய கடனை அடைப்பதற்காக ஒரு லீற்றருக்கு 50 ரூபா அறவிடப்படுகிறது என்று 2025ஆம் ஆண்டில் அரசாங்கத்தரப்பே ஒப்புக்கொண்டது. அன்று மலிவாக ஓடிய கார்களின் செலவை இன்று மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுபவரும் செலுத்துகிறார்.

ஆகவே பெற்றோல் மீது வரியே கூடாது என்ற கோஷத்தை நாம் எழுப்பமாட்டோம்.

யார் சுமக்க வேண்டும்?

இங்கே சட்டத்தரணிகள் இருக்கின்றீர்கள். வைத்தியர்கள், பொறியியலாளர்கள் இருக்கின்றீர்கள். நம்முட் பலர் காரிலே இக்கூட்டத்துக்கு வந்தோம். சில உண்மைகளை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். கார் ஒன்று ஒரு லீற்றரில் 10 கிலோமீற்றர் ஓடுகிறதென்றும் மோட்டார்ச் சைக்கிள் 40 கிலோமீற்றர் ஓடுகிறதென்றும் வைத்துக்கொள்வோம். ஒரே தூரத்துக்குக் காரில் வந்தவர் நான்கு மடங்கு வரி செலுத்துவார். பஸ்ஸில் வந்தவர் பெற்றோல் வரியே செலுத்தமாட்டார். இது அநீதியன்று. கூடுதலாக எரிப்பவர் கூடுதலாகச் செலுத்துதல் முறையே. விலையுயர்ந்த கார்கள் பாவிக்கும் 95 ஒக்டேன் பெற்றோலுக்கு இன்னும் கூடிய வரி விதித்தாலும் நாம் எதிர்க்கமாட்டோம். நமது சமூகத்தின் படித்த வகுப்பார் தம் பங்கைத் தாமாகவே ஏற்றுக்கொண்டாலன்றிக் கமக்காரனுக்காக வாதாடும் உரிமை அவர்களுக்கு இல்லை.

ஆனால் பெற்றோலோடு டீசலையும் மண்ணெண்ணெயையும் ஒரே கயிற்றிற் கட்டி, “எரிபொருள்” என்ற ஒரே பெயரிட்டு ஒரே மூச்சில் விலையேற்றும்போதுதான் அநீதி பிறக்கிறது.

கிணற்றடிக் கணக்கு

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. மகாவலி நம் வேலியோரமாக ஓடவில்லை. சுண்ணாம்புக் கல்லுக்கடியிலே தேங்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கின்றோம். நம் பாட்டன்மார் துலா மிதித்தனர். துலா போய் இயந்திரம் வந்தது. இயந்திரத்தோடு மண்ணெண்ணெய் வந்தது. கொழும்பிலே எரிபொருள் என்பது பயணம். நமது தோட்டத்திலே அது தண்ணீர்.

1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தை நினைவுகூருங்கள். பெற்றோலைச் சிறு போத்தலில் வாங்கி, இயந்திரத்தைக் கிளப்புவதற்குச் சில துளி விட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெயும் கிடையாத நாளில் இறைப்பு நின்றது, பயிர் கருகியது. எரிபொருளின் விலை என்னவென்பதை நமக்கு எந்தப் பொருளியல் நூலும் கற்பிக்க வேண்டியதில்லை.

இனிக் கணக்கைப் பாருங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. ஒரு வெங்காயச் செய்கைக்கு 16 முறை இறைப்பதாகவும், ஒவ்வொரு முறையும் 5 லீற்றர் செலவாவதாகவும் கொள்வோம். மொத்தம் 80 லீற்றர். பழைய விலையில் 6,960 ரூபா. புதிய விலையில் 27,200 ரூபா. மேலதிகம் 20,240 ரூபா. வெங்காயம் சந்தைக்கு வருமுன், அதன் விலை என்னவென்று தெரியுமுன், கமக்காரன் இத்தொகையைக் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். பின்னர் விலை படிப்படியாக இறங்கியது உண்மை. ஆனால் 2025ஆம் ஆண்டிலும் அது பழைய 87 ரூபாவை அணுகவில்லை.

“அது வரியன்று, மானியத்தை நீக்கியதே” என்று திறைசேரி மறுமொழி கூறும். சட்டப் புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு. கிணற்றடியிலே இரண்டும் ஒன்றே.

நெல்வரி சொல்லும் பாடம்

பிரித்தானியர் ஆட்சியில் இந்த நாட்டிலே நெல்வரி இருந்தது. வரி கட்டத் தவறியோரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. குடும்பங்கள் நிலமிழந்து அலைந்தன. இறுதியில் ஆளுநர் ஹவ்லொக் காலத்தில், 1892இல், அவ்வரியை ஒழிக்க அந்நிய அரசே இசைந்தது. உண்ணும் உணவின் மேல் விதிக்கும் வரி உழவனை அழிக்குமென்பதை அவர்களே கண்டுகொண்டனர்.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நெல்வரி விளைச்சலின் மேல் விதிக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மீதான சுமையோ விதைத்த மறுநாளே தொடங்குகிறது. மழை பொய்த்தால் கூடுதலாக இறைக்க வேண்டும். கூடுதலாகச் செலுத்த வேண்டும். துன்பம் மிக மிகச் சுமையும் மிகும். இத்தகைய வரியை நீதியென்று எந்த நீதிமானும் சொல்லமாட்டார்.

இது தமிழரின் துன்பம் மட்டுமன்று. 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவாக உயர்ந்தபோது முதலிற் கிளர்ந்தெழுந்தோர் மேற்குக் கரையின் மீனவர். சிலாபத்தில் நடந்த ஆர்ப்பாட்டத்தின்மீது பொலிசார் சுட்டதில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். 2018 மே மாதத்தில் 44 ரூபாவிலிருந்து 101 ரூபாவாக உயர்த்தினர். கடற்றொழிலாளர் எதிர்ப்பின் பின் 70 ரூபாவாகக் குறைத்தனர். தெருவில் இறங்கினாற்றான் செவி சாய்ப்பதென்றால், அமைதியாக உழைப்பவனின் கதி என்ன?

தூரத்தின் மேல் வரி

டீசலைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பாரமேற்றிய லொறி ஒரு லீற்றரில் நான்கு கிலோமீற்றர் ஓடினால் ஒருவழிக்கு 100 லீற்றர். டீசலில் 10 ரூபா வரி ஏறினால் நம் வெங்காயத்தின் மேல் 1,000 ரூபா ஏறும். அந்த லொறி திரும்பி வரும்போது சீனியின் மேலும் சீமெந்தின் மேலும் இன்னுமோர் 1,000 ரூபா ஏறும். 2023 ஜனவரியில் டீசல் மீதான உற்பத்தி வரி லீற்றருக்கு 13 ரூபாவிலிருந்து 38 ரூபாவாயிற்று. 2024 ஜனவரியில் நூற்றுக்கு 18 என்ற பெறுமதி சேர் வரியும் எரிபொருளை வந்தடைந்தது. தலைநகரிலிருந்து தொலைவில் வாழ்வதே குற்றம் என்பதுபோல, தூரத்துக்கு வரி செலுத்துகின்றோம்.

பிரான்சில் 2018 நவம்பரில் மஞ்சள் அங்கி அணிந்து தெருவில் இறங்கியோரின் முறைப்பாடும் இதுவே. பாரிஸ் நகரத்தாருக்கு மெட்ரோ ரயில் உண்டு. நாட்டுப்புறத்தாருக்குக் காரை விட்டால் வேறு வழியில்லை. அடுத்த மாதமே அரசாங்கம் வரியுயர்வைக் கைவிட நேர்ந்தது. மாற்றுவழி அமைக்காமல் வரியை மட்டும் ஏற்றும் அரசுக்கு நேரும் கதி அது.

நள்ளிரவு வர்த்தமானி

அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, பொதுநிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்கிறது. ஆனால் நடப்பது என்ன? 1989ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க உற்பத்தி வரி (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் அமைச்சர் கட்டளையிடுகிறார், வர்த்தமானியில் வெளியாகிறது, வரி நடைமுறைக்கு வந்துவிடுகிறது. பாராளுமன்றம் பின்னர் அங்கீகரிக்கிறது. பணம் அறவிடப்பட்ட பின் நடக்கும் விவாதம் பிரேதம் எடுத்த பின் வரும் வைத்தியரைப் போன்றது.

நீதிமன்றம் காப்பாற்றும் என்று சிலர் நம்புகின்றனர். 2008 டிசம்பரில் பெற்றோல் விலையை 100 ரூபாவாகக் குறைக்குமாறு உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளையிட்டது. அரசாங்கம் அதை நிறைவேற்றவில்லை. அடுத்த மாதமே நீதிமன்றம் அந்நடவடிக்கைகளை முடித்துக்கொண்டது. வரியின் நீதியை வென்றெடுக்க வேண்டிய இடம் சட்டமன்றமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம்மீதான இரு குற்றச்சாட்டுகள்

மண்ணெண்ணெயை மலிவாக விற்றால் டீசலிற் கலப்படம் செய்வர் என்பது முதற் குற்றச்சாட்டு. உண்மையே, செய்தனர். விலை இடைவெளி பெரிதானால் களவு பெருகும். ஆகவே எல்லோருக்கும் மலிவு விலை என்று நாம் கேட்கவில்லை. பசளை மானியத்தைக் கமக்காரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப முடிந்தது. 2022இல் கியூஆர் குறியீடு கொண்டு ஒவ்வொரு வாகனத்துக்கும் பெற்றோலை அளந்து கொடுக்க முடிந்தது. பதிவுபெற்ற தோட்டத்துக்கும் படகுக்கும் பருவந்தோறும் ஈட்டுத்தொகை கொடுக்க மட்டும் முடியாதா?

மலிவான எண்ணெயால் மிகையாக நீரிறைத்தீர்கள் என்பது இரண்டாவது. கமக்கார அன்பர்களே, இதற்கு நாம் தலைகுனிந்தே பதிலிறுக்க வேண்டும். துலா காலத்தில் மனிதன் களைக்கும்போது கிணறும் இளைப்பாறியது, இயந்திரத்துக்குக் களைப்பில்லை. கரையோரக் கிணறுகள் பல உவராகிப் போயின. ஆகையால் என்றென்றும் மலிவான மண்ணெண்ணெய் நமது இலட்சியமாகாது. சூரிய ஒளியால் இயங்கும் நீரிறைப்பு இயந்திரமும், சொட்டு நீர்ப்பாசனமும், அளவறிந்து இறைக்கும் ஒழுக்கமும் வேண்டும். அவற்றை வாங்கும் வரை கமக்காரன் பிழைத்திருக்க வேண்டும் என்பதே நமது வாதம்.

நமது கோரிக்கை

சுருங்கச் சொல்வோம். ஒன்று: கார்ப் பெற்றோலின் மேல் வரி ஏறட்டும், 95 ஒக்டேனின் மேல் கூடுதலாக ஏறட்டும். இரண்டு: கமத்தொழிலுக்கும் மீன்பிடிக்கும் செல்லும் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் உரிய ஈட்டுத்தொகை, அமைச்சரவையின் தயவாகவன்றிச் சட்டம் தந்த உரிமையாக அமையட்டும். மூன்று: எரிபொருள் வரி எதுவும் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்ட பின்னரே நடைமுறைக்கு வரட்டும். பழைய கடனுக்கென அறவிடும் பணத்தின் கணக்கு ஆண்டுதோறும் வெளியாகட்டும். கடன் தீர்ந்த நாளில் அறவீடும் தீரட்டும். நான்கு: வரியின் ஒரு பங்கு நிதி ஆணைக்குழுவின் வழியே மாகாணங்களுக்குச் சென்று, கிராமத்து பஸ்ஸாகவும் சூரிய நீரிறைப்பாகவும் திரும்பி வரட்டும். அப்பங்கைக் கையேற்க மக்கள் தெரிந்தெடுத்த மாகாண சபை வேண்டும். 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தபோது அக்கை துண்டிக்கப்பட்டது என்பதையும் இங்கே பதிவு செய்கின்றோம்.

அன்பர்களே! இங்குள்ள படித்தோர் ஒவ்வொருவரும் தத்தம் கிராமத்திலுள்ள கமக்காரர் சிலரிடம் சென்று, ஒரு போகத்துக்கு எத்தனை லீற்றர் எரித்தனர், எவ்வளவு செலவிட்டனர் என்று கேட்டு எழுதி வாருங்கள். கமக்காரர்களே, எண்ணெய் வாங்கிய பற்றுச்சீட்டைக் கிழித்தெறியாது சேர்த்து வையுங்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் அக்கணக்குகளை ஒன்றுதிரட்டி நமது பாராளுமன்ற உறுப்பினர்களின் கையிற் கொடுப்போம். கண்ணீரை மறுத்துப் பேச அமைச்சர்களுக்குத் தெரியும். கமக்காரன் தன் கையால் எழுதிய கணக்கை மறுப்பது அவர்களுக்கு அத்துணை எளிதன்று.

பெற்றோலுக்கு வரி கேட்கின்றீர்களா? தருகின்றோம். எம் தண்ணீருக்கு வரி கேளாதீர்கள்.