பெருவழி என்னும் கப்பல்

பசிபிக் பெருங்கடலில் தாஹிதித் தீவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவில் மார்க்கேசஸ் தீவுகள் உள்ளன. அவை பிரெஞ்சு பொலினீசியாவைச் சேர்ந்தவை. மக்கள் வாழும் தீவுகள் ஆறு. அவற்றில் வாழ்வோர் 9,000 பேர் அளவினர். அந்நிய நாட்டார் கொணர்ந்த நோய்களால் 1920-களில் ஏறத்தாழ 2,000 பேராகக் குறுகி, மீண்டும் தழைத்த இனம் அது.

அவர்களுக்குச் சிமெண்டும் மாவும் அரிசியும் குளிர்பெட்டியும் கொண்டு செல்வது ‘அரனூயி’ என்னும் கப்பல். தாஹிதி மொழியில் அப்பெயருக்குப் பெருவழி என்று பொருள். பெயர்களை மொழிபெயர்த்தலாகாது என்பது நம் தொழிலின் விதி. ஆயினும், நம் கல்வெட்டுகளில் பயின்ற சொல்லொன்று இத்துணைச் செம்மையாகப் பொருந்தும்போது விதியை மீற மனம் துணிகிறது.

2015-ஆம் ஆண்டின் இறுதியில் பணிக்கு வந்த இன்றைய கப்பல் அவ்வரிசையில் ஐந்தாவது. நீளம் 126 மீட்டர். முற்பகுதியில் பாரந்தூக்கிகளும் சரக்கறைகளும். பிற்பகுதியில் ஏறத்தாழ 250 பயணிகளுக்கான அறைகள், நீச்சற்குளம். இவ்விரண்டும் ஒரே உடலில் பொருந்தியது எப்படி? சரக்குக் கூலி மட்டும் செலவுக்குப் போதவில்லை. ஆதலால் 1980-களில் உல்லாசப் பயணிகளையும் ஏற்றத் தொடங்கினர். ஓவியர் கோகேன் 1903-இல் மறைந்த ஹீவா ஓவாத் தீவைக் காண வருவோர் தரும் கட்டணம், தீவுவாசியின் சிமெண்டு மூட்டைக்கும் துணை நிற்கிறது. இதில் இழிவு ஏதும் இருப்பதாக நாம் கருதவில்லை. சரக்கு இறங்கும் வரையில் செல்வந்தரும் காத்திருக்கத்தானே வேண்டும்!

சரக்கை இறக்குவதுதான் அரிய செயல். இத்தீவுகளைச் சுற்றி அலையைத் தடுக்கும் பவளப்பாறை அரண் பெரும்பாலும் இல்லை. கடல் நேராக வந்து மோதுகிறது. ஊவா ஹூக்காத் தீவில், செங்குத்துப் பாறைகளுக்கிடையே ஒடுங்கிய வாய்க்குள் கப்பல் நுழைந்து, அங்கேயே திரும்பி நிற்க வேண்டும். மாலுமிகள் சிறு படகில் சென்று, பொங்கும் அலையில் தருணம் பார்த்து, இரு கரைப் பாறைகளிலும் வடங்களைப் பிணைக்கின்றனர். அவர்களுள் பலர் அத்தீவுகளின் மைந்தர்களே. பிறகு படகுகளில் சரக்கும் மனிதரும் கரை சேர்கின்றனர். விமான நிலையமே இல்லாத ஃபாத்து ஹீவாவிலும் தாஹூவாட்டாவிலும் வருவோர்க்கும் போவோர்க்கும் கடல் ஒன்றே வழி.

திரும்பும்போது கப்பல் பழங்களையும் கொப்பரையையும் ஏற்றிக்கொள்கிறது. அங்கும் அதன் பெயர் ‘கொப்ரா’தான்! மலையாளக் கரையில் போர்த்துகீசியர் கேட்டறிந்த சொல் ஐரோப்பிய மொழிகளில் ஏறி, அத்தனை தொலைவு சென்றுவிட்டது. மலைச்சரிவுகளில் தேங்காயை உடைத்து உலர்த்தி மூட்டை கட்டிய குடும்பங்கள் அவற்றைக் கரையில் அடுக்கி வைத்திருக்கின்றன. மூட்டைகள் படகேறி, பாரந்தூக்கியில் எழுந்து, சரக்கறைக்குள் இறங்குகின்றன. பாப்பேட்டே நகரத்து எண்ணெய் ஆலைக்கு அவை போய்ச் சேர வேண்டும்.